தேய்ந்த தட்டும் தனி முன்பெருக்கியும்: மும்பைத் தமிழரின் கேட்பு வரலாறு குறித்து

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் மறுகட்டுமானத்திற்காகக் காலி செய்யப்படும்போது பரண்களிலிருந்து இறங்கும் பொருள்களுள் ஒன்று இசைத்தட்டுப் பெட்டி. பித்தளைப் பாத்திரங்களுக்கு உடனே விலை கிடைத்துவிடுகிறது. தட்டுகளை என்ன செய்வது என்பது மட்டும் தீர்மானமாவதில்லை. சில பெட்டிகள் சோர் பஜாரின் மட்டன் தெருவுக்குச் செல்கின்றன. சில வீடுகளில் அடுத்த தலைமுறையினர் அவற்றைக் கேட்டுப் பார்க்க விரும்பிப் புதிய சுழல்மேடை ஒன்றை வாங்குகின்றனர். சில வாரங்களுக்குள் அவர்கள் முன் ஒரு கேள்வி எழுகிறது: கருவிக்குள்ளேயே முன்பெருக்கி இருக்கும்போது, ஃபோனோ ப்ரீஆம்ப் எனப்படும் தனி முன்பெருக்கியைக் கூடுதலாகச் சில ஆயிரங்கள் செலவிட்டு வாங்குவது தேவையா?

வணிகர்களும் இசைக்கருவி ஆர்வலர்களும் இக்கேள்விக்கு ஒலித்தரம் என்னும் ஒற்றைச் சொல்லால் விடை தருகின்றனர். ஆனால் தமிழ் இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை விடை அத்தட்டுகள் எப்போது, எவ்வாறு வெட்டப்பட்டன, எந்த ஊசியால் எத்தனை முறை கீறப்பட்டன என்பதில் அடங்கியுள்ளது. அதாவது இது முதலில் ஒரு வரலாற்றுக் கேள்வி. இதில் பிழைபட்டால் இழப்பு இசை இன்பத்தோடு நிற்பதில்லை. முந்தைய நூற்றாண்டின் தமிழ்க் குரல் எப்படி ஒலித்தது என்பதற்கான சான்றே திரிந்துவிடுகிறது.

1. முன்பெருக்கி செய்யும் இரு வேலைகள்

இன்றைய சுழல்மேடைகளில் பெரும்பாலும் நகர்காந்தக் கார்ட்ரிட்ஜ் பொருத்தப்படுகிறது. ஊசி தட்டின் வரித்தடத்தில் அசையும்போது சிறு காந்தம் ஒன்று கம்பிச்சுருளுக்கருகே அசைந்து மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. அதன் அளவு பொதுவாக 3 முதல் 5 மில்லிவோல்ட். பெருக்கியின் வழக்கமான உள்ளீடு எதிர்பார்ப்பதோ அரை வோல்ட்டை ஒட்டிய அளவு. ஆகவே குறிப்பலையை ஏறத்தாழ நூறு மடங்கு, அதாவது 40 டெசிபெல், உயர்த்த வேண்டியிருக்கிறது. முன்பெருக்கியின் முதல் வேலை இது.

இரண்டாவது வேலையே இங்கு முதன்மையானது. தட்டில் ஒலி உள்ளபடியே வெட்டப்படுவதில்லை. தாழ்ந்த அதிர்வெண்களை அவற்றின் முழு வலிமையோடு வெட்டினால் வரித்தடம் அகலமாக அலைந்து அடுத்த தடத்தை முட்டிவிடும். உயர்ந்த அதிர்வெண்களை உள்ளபடி வெட்டினால் அவை தட்டின் மேற்பரப்பு இரைச்சலில் மூழ்கிவிடும். எனவே வெட்டும்போது தாழ்பகுதி குறைக்கப்படுகிறது, உயர்பகுதி மிகைப்படுத்தப்படுகிறது. இசைக்கும்போது இதற்கு நேர்மாறான திருத்தம் செய்யப்பட்டால்தான் பாடியவர் பாடியது கேட்கும். இத்திருத்தத்தின் அளவைக் குறிப்பது சமன்வரை.

இன்று விற்பனையாகும் முன்பெருக்கிகளில், சுழல்மேடைக்குள் அடங்கியதாயினும் தனிப்பெட்டியாயினும், பெரும்பாலானவை ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்வரை ஒன்றை மட்டுமே அறியும். அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலமைப்பு 1954இல் வகுத்த வரை அது. அதன்படி 1000 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டால், இசைக்கும்போது 100 ஹெர்ட்ஸில் 13 டெசிபெல் உயர்த்தப்படுகிறது. 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் தாழ்த்தப்படுகிறது. அந்த உயர்பகுதியின் வீச்சு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிறது என்பது இதன் பொருள். ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி வெட்டப்பட்ட தட்டுக்கு இத்திருத்தம் மிகச்சரியானது. வேறு முறையில் வெட்டப்பட்ட தட்டுக்கு இதுவே சிதைவாகிறது.

2. தமிழ்த் தட்டுகளின் காலவரிசை

ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்ததிலிருந்து இந்திய இசைத்தட்டு வரலாற்றைத் தொடங்குவது மரபு. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் நடந்தன. கோயம்புத்தூர் தாயி முதலிய பெண் கலைஞர்களின் குரல்கள் தட்டுகளில் ஏறின. தொடக்கத்தில் இந்தியத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்தது. 1928 முதல் டம்டம் ஆலை அப்பணியை ஏற்றது. தட்டின் மூலப்பொருளான அரக்கு இந்தியக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

1925 வரையிலான பதிவுகள் மின்சாரம் அறியாதவை. கலைஞர் ஒரு கூம்பின் வாய்க்குள் பாடினார். காற்றின் அசைவே மெழுகுத் தட்டை வெட்டும் ஊசியை அசைத்தது. அக்கூம்பு ஏறத்தாழ 2000 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே ஓரளவு தாங்கியது. இத்தட்டுகளுக்கு விதிக்கப்பட்ட சமன்வரை என்று ஏதுமில்லை. 1925இல் அமெரிக்காவில் மின்பதிவு வணிகத்துக்கு வந்தபின் ஒலிவாங்கி நுழைந்தது. அதனோடு சமன்வரையும் நுழைந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரையைக் கொண்டிருந்தது. 1930களில் எச்.எம்.வி. குழுமத்தின் பதிவுகள் பொதுவாக 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் குறைக்கப்பட்டு, மேற்பகுதியில் மிகைப்பு இன்றி வெட்டப்பட்டன. அமெரிக்க நிறுவனங்களின் அளவுகள் வேறு. பம்பாயிலேயே 1930களில் தோன்றிய 'யங் இந்தியா' போன்ற உள்நாட்டு முத்திரைகளுக்கு எந்த வரை பொருந்தும் என்பதைத் தட்டுதோறும் கேட்டே துணிய வேண்டியுள்ளது.

கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பா, டி. என். ராஜரத்தினம் பிள்ளை ஆகியோரின் புகழைத் தமிழகத்திற்கு அப்பாலும் கொண்டுசென்ற தட்டுகள் ஆர்.ஐ.ஏ.ஏ.வுக்கு முந்திய இந்த உலகைச் சேர்ந்தவை. மேலைநாடுகளில் 1950களிலேயே 78 சுற்றுத் தட்டுகள் மறையத் தொடங்கின. இந்தியாவில் அவை 1960களிலும் அச்சாயின. ஆகவே ஒரே தமிழ்க் குடும்பத்தின் பெட்டியில் கூம்புப் பதிவு, 250 ஹெர்ட்ஸ் மின்பதிவு, பிற்காலத் தர அளவுகளைப் பின்பற்றிய 78, ஆர்.ஐ.ஏ.ஏ. எல்.பி. என நான்கு வகைத் தட்டுகளும் அருகருகே இருத்தல் கூடும். கண்ணுக்கு முதல் மூன்றும் ஒரே கரிய அரக்குத் தட்டுதான்.

3. மூன்று கேட்புக் களங்கள்

இத்தட்டுகள் பம்பாயில் எங்கே ஒலித்தன என்பது அடுத்து நோக்கத்தக்கது. இந்நகரத் தமிழர் ஒரே காலத்தில், ஒரே காரணத்திற்காகக் குடியேறியவர்கள் அல்லர். தாராவியின் தோல் பதனிடும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையின் உழைக்கும் மக்களை ஈர்த்தது. 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப்பின் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர்–மாட்டுங்காப் பகுதியைத் திட்டமிட்டு உருவாக்கியது. 1920களிலிருந்து எழுத்தர்களும் தட்டச்சர்களும் கணக்கர்களுமான தென்னிந்தியர் அங்குக் குடியேறினர். செம்பூர் பெரும்பாலும் நாட்டு விடுதலைக்குப்பின் விரிந்த குடியிருப்பு. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் உருவானதும் பம்பாயில்தான். தமிழ் ஒலித்தொழிலின் வரலாற்றில் இந்நகரம் புறம்பானதன்று.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நேரடி இசைக்குச் சபைகள் இருந்தன. 1952இல் தோன்றிய ஸ்ரீ ஷண்முகானந்த சபை 1963இல் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிப் பேரரங்கை எழுப்பியது. 1990இல் தீ விபத்துக்குள்ளான அவ்வரங்கு அப்பத்தாண்டின் இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் இதே மரபினது. சபைக்குச் செல்லும் குடும்பங்களின் வீடுகளில் தட்டு என்பது கச்சேரிக்கு இடைப்பட்ட நாள்களின் துணை. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963இல் வெளிவந்தபின் அது விடியற்காலைச் சடங்கின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. இத்தட்டுகள் உறையிலிடப்பட்டு, அலமாரியில் நிறுத்தி வைக்கப்பட்டு, வீட்டின் மூத்தவர் ஒருவரால் மட்டுமே கையாளப்பட்டன.

உழைப்பாளர் குடியிருப்புகளில் தட்டு வேறொரு வாழ்வை வாழ்ந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூரிலும் அதிலிருந்து பெயர்ந்த நகரச் சேரியிலும் பெரும்பாலோர் இசைத்தட்டைக் கேட்டது சொந்தக் கருவியில் அன்று. வாடகைக்கு வரும் ரேடியோ செட்டில். திருமணம், பூப்புனித நீராட்டு, அம்மன் கொடை, பொங்கல், கட்சிக் கூட்டம் ஆகிய அனைத்திற்கும் மைக் செட்காரர் வந்தார். மரத்திலோ கம்பத்திலோ கூம்புக் குழாய் கட்டப்பட்டது. பக்திப் பாடலில் தொடங்கித் திரைப்பாடல்களுக்கு நகர்ந்து நள்ளிரவு வரை தட்டுகள் சுழன்றன. ஒரு தட்டு ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான முறை இசைக்கப்பட்டது. அதைக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதை உடைமையாகக் கொண்டவர் ஒருவரே.

அரங்கு, வீடு, தெரு ஆகிய மூன்று களங்களிலும் ஒரே குரல் மூன்று விதமாக ஒலித்தது. கூம்புக் குழாய் குரலின் நடுப்பகுதியை மட்டும் உரத்துத் தள்ளியது. மிருதங்கத்தின் தொப்பியை அது ஏறக்குறைய விழுங்கிவிட்டது. வீட்டுப் பெட்டி தாழ்பகுதியைச் சற்றே உருட்டித் தந்தது. இவற்றுள் எது அசல் என்று கேட்பதைவிட, எது யாருடைய கேட்பு என்று கேட்பதே வரலாற்றாய்வுக்குப் பயன்தருவது.

4. முன்பெருக்கி இல்லாத அரை நூற்றாண்டு

இக்களங்களில் முன்பெருக்கி ஏன் ஒரு கேள்வியாகவே எழவில்லை? விடை கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா, கேலிப்ஸோ போன்ற பெட்டி வகைக் கருவிகளிலும் மைக் செட்களின் சுழல்மேடைகளிலும் இருந்தவை பெரும்பாலும் படிக அல்லது பீங்கான் கார்ட்ரிட்ஜுகள். அழுத்தப்படும்போது மின்னழுத்தம் தரும் படிகத்தின் இயல்பை அவை பயன்படுத்தின. காந்தக் கார்ட்ரிட்ஜ் ஊசியின் வேகத்திற்கேற்ப மின்னழுத்தம் தருகிறது. படிகக் கார்ட்ரிட்ஜ் ஊசி எவ்வளவு விலகுகிறது என்பதற்கேற்பத் தருகிறது. இவ்வேறுபாட்டால், தட்டில் குறைத்து வெட்டப்பட்ட தாழ்பகுதியும் மிகைத்து வெட்டப்பட்ட உயர்பகுதியும் தனிச் சுற்று எதுவுமின்றியே ஓரளவு சமனாகிவிடும். அதன் வெளியீடும் சில நூறு மில்லிவோல்ட் ஆகையால் கூடுதல் பெருக்கமும் வேண்டியதில்லை. மலிவான கருவி பாமர மக்களைச் சென்றடைந்தது இந்த எளிமையால்தான்.

இந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. படிகத்தை அசைக்க ஊசியின் எடை மிகுந்திருக்க வேண்டும். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 2 கிராம் எடையில் இயங்க, அவை 5 கிராமுக்கு மேற்பட்ட எடையுடன் தட்டை அழுத்தின. அதற்கு முந்திய சாவி கொடுக்கும் கிராமபோன்களில் எஃகு ஊசியின்மேல் நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடை அமர்ந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திற்கும் ஊசியை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றாமல் ஓட்டிய ஊசியே வழக்கமாக இருந்த இடங்களில் தட்டு விரைவில் நரைத்தது.

இதிலிருந்து ஆவணவியலுக்கு இன்றியமையாத முடிவொன்று பெறப்படுகிறது. மிகுதியாகக் கேட்கப்பட்ட தட்டே மிகுதியாகத் தேய்ந்தது. இன்று நல்ல நிலையில் கிடைப்பது அதிகம் விரும்பப்பட்ட தட்டாக இருக்க வேண்டியதில்லை. அதிகம் பாதுகாக்கப்பட்ட தட்டாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. உறையிலிட்டு அலமாரியில் வைக்க இடமிருந்த வீடுகளின் ரசனை நமக்கு எஞ்சியுள்ளது. ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் வாழ்ந்த தாராவியின் தெருக்களில் ஆயிரவர் ஒன்றாகக் கேட்ட இசை, தேய்ந்து, உடைந்து, பழைய பொருள் வாங்குபவரின் சாக்கில் முடிந்தது. 1980களில் ஒலிநாடா மைக் செட்டைக் கைப்பற்றியபின் அத்தட்டுகளைக் காப்பதற்கு வணிகக் காரணமும் இல்லாமற்போயிற்று. எஞ்சிய சேகரிப்புகளை வைத்துக்கொண்டு தமிழரின் இசை ரசனையைப் பற்றிப் பொதுமுடிவு கூறும் ஆய்வுகள் இச்சாய்வைக் கணக்கில் கொண்டாக வேண்டும்.

5. திரிந்த சான்று

இனி, 1930களின் தமிழ்த் தட்டு ஒன்று இன்றைய சுழல்மேடையில், உள்ளடங்கிய முன்பெருக்கி வழியாக இசைக்கப்படுவதாகக் கொள்வோம். தாழ்பகுதியில், 100 ஹெர்ட்ஸ் அளவில், தேவைக்கு மேல் ஏறத்தாழ 5 டெசிபெல் கூடுகிறது. உயர்பகுதியில், மிகைக்கப்படாத ஒலி மிகைக்கப்பட்டதாகக் கருதப்பட்டுக் குறைக்கப்படுகிறது: 5000 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல், 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபெல். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. மேற்பரப்பு இரைச்சலும் கூடவே குறைந்துவிடுவதால் கேட்பவர் இதனைக் குறையாக உணர்வதில்லை. பழமையின் இனிமை என்று ஏற்றுக்கொள்கிறார். அந்த ஒலி இலக்கமாக்கப்பட்டு, எந்தக் குறிப்பும் இன்றி இணையத்தில் ஏறுகிறது. பின்னர் வரும் ஆய்வாளருக்கு அதுவே மூலம்.

மொழியியலில் இதன் விளைவு சிறிதன்று. உயிரொலிகளை வேறுபடுத்தும் முதல் இரு ஃபார்மன்ட்கள், அதாவது அதிர்வுச் செறிவுகள், பெரும்பாலும் 2500 ஹெர்ட்ஸுக்குக் கீழ் அமைவதால் அவை ஓரளவு தப்பிவிடுகின்றன. 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகளின் ஆற்றல் அதற்கு மேலேயே செறிந்துள்ளது. ழகரத்தைப் பிற இடையின ஒலிகளிலிருந்து பிரித்துக் காட்டுவதில் மூன்றாம் ஃபார்மன்ட்டின் தாழ்வுக்கு முதன்மையான பங்குண்டு. ஆர்.ஐ.ஏ.ஏ. வரையில் உயர்பகுதிக் குறைப்பு முனைப்படைவது 2122 ஹெர்ட்ஸிலிருந்து. ஏற்கெனவே மங்கிய பதிவில் இக்குறைப்பும் சேரும்போது, பாடியவர் ழகரத்தைத் தெளிவாக ஒலித்தாரா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய பகுதியே வலுவிழக்கிறது. அக்காலப் பாடகர்கள் மூக்கால் பாடினர், சொற்களை விழுங்கினர் என்னும் பரவலான கருத்துகளில் எவ்வளவு பாடகரைச் சார்ந்தது, எவ்வளவு கருவியைச் சார்ந்தது என்பது மீளாய்வுக்குரியது.

கிரியர்சனின் இந்திய மொழிக்கணக்கெடுப்பையொட்டி 1913க்கும் 1929க்கும் இடையில் எடுக்கப்பட்ட இசைத்தட்டுப் பதிவுகளும் இங்கு நினைவுக்கு வருகின்றன. ஊதாரி மகன் உவமை பல மொழிகளிலும் பேச்சாகப் பதியப்பட்ட தொகுதி அது. அக்காலப் பேச்சுக்கு அவற்றைவிட நேரடியான சான்று அரிது. ஆனால் அவற்றின் கணிசமான பகுதி கூம்புப் பதிவு. கூம்பு தாங்காத உரசொலியை எந்த முன்பெருக்கியாலும் மீட்க முடியாது. இல்லாததை இல்லாதது என்று அறிவதும் ஆய்வின் பகுதியே.

சுருதி குறித்த முடிவுகளில் இன்னொரு பொறி உண்டு. 78 என்பது எல்லாத் தட்டுகளின் உண்மையான சுழற்சி எண் அன்று. 75 சுற்றில் வெட்டப்பட்ட தட்டை 78இல் ஓட்டினால் சுருதி 4 விழுக்காடு உயர்கிறது. இது அரைக்கட்டையில் மூன்றில் இரு பங்குக்கு நிகர். நாடக மேடையில் ஒலிவாங்கி இல்லாத காலத்தில் நடிகர்கள் உயர்ந்த சுருதியில் பாடினர் என்பது உண்மை. ஆயினும் தட்டை மட்டும் சான்றாகக் கொண்டு கட்டைக் கணக்குச் சொல்பவர் முதலில் சுழற்சியைச் சரிபார்க்க வேண்டும். முன்பெருக்கி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் இப்பிழையைத் திருத்தாது.

6. தீர்மானிக்கும் முறை

மேற்கண்டவற்றால், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு குடும்பம் எதிர்கொள்ளும் கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது தெளிவு. பெட்டியைத் திறந்து, தட்டுகளை வகைப்படுத்தியபின்னரே விடை கூற இயலும்.

பெட்டியில் 1960களுக்குப் பிந்திய எல்.பி.க்கள் மட்டுமே இருப்பின், தனி முன்பெருக்கிக்கு அவசரம் இல்லை. அத்தட்டுகளும் உள்ளடங்கிய முன்பெருக்கியும் ஒரே சமன்வரையைப் பேசுகின்றன. நல்ல தனிப்பெட்டி இரைச்சலைக் குறைக்கும். கார்ட்ரிட்ஜுக்கேற்ற மின்சுமையை அமைக்க வழிதரும். நகர்சுருள் கார்ட்ரிட்ஜ் பொருத்த விரும்புவோருக்கு அது கட்டாயமாகும். ஏனெனில் அதன் வெளியீடு அரை மில்லிவோல்ட் அளவே. ஆயினும் மழைக்காலப் பூஞ்சை படிந்த தட்டைத் தூய்மைப்படுத்துவதும், தேய்ந்த ஊசியை மாற்றுவதும், ஊசியின் எடையையும் கோணத்தையும் சரிசெய்வதும் அதற்கு முந்திய செலவுகள்.

பெட்டியில் 78 சுற்றுத் தட்டுகள் இருப்பின் வரிசை வேறு. முதலில் 78 சுற்றும் சுழல்மேடை வேண்டும். சுழற்சியைச் சற்றுக் கூட்டிக் குறைக்கும் வசதி இருப்பின் நன்று. அடுத்து ஊசி. எல்.பி. ஊசியின் முனை ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். 78 தட்டுக்கு வேண்டுவது ஏறத்தாழ 75 மைக்ரான். சிறிய ஊசி அகன்ற தடத்தின் அடியில் உருண்டு, அங்குள்ள அழுக்கையும் சிதைவையும் படிக்கும். தேய்ந்த தட்டுகளில் இது இன்னும் கூர்மையான செய்தி. பழைய ஊசி தடத்தின் சுவரை ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் அரித்திருக்கும். அதைவிடச் சற்றுப் பெரிய அல்லது சிறிய முனை, அரிக்கப்படாத வேறோர் உயரத்தில் அமர்ந்து, அழிந்ததாகக் கருதப்பட்ட குரலின் ஒரு பகுதியை மீட்கக்கூடும். மைக் செட்காரரிடமிருந்து தப்பி வந்த தட்டொன்று கிடைத்தால், அதனைக் கழிப்பதற்குமுன் செய்ய வேண்டிய சோதனை இது.

மூன்றாவதாகவே சமன்வரை. பல வரைகளைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள தனி முன்பெருக்கி இங்கு உண்மையில் பயன்படுகிறது. குமிழைத் திருப்பி, 250 ஹெர்ட்ஸ் வரையில் அதே குரலைக் கேட்கும்போது உரசொலிகள் வெளிப்படுவதை எவரும் உணரலாம். ஆர்.ஐ.ஏ.ஏ. மட்டுமே அறிந்த விலையுயர்ந்த தனிப்பெட்டி இத்தட்டுகளுக்கு உள்ளடங்கியதைவிட எவ்வகையிலும் மேலான விடை தராது. பிழையை அது தெளிவாகச் செய்யும், அவ்வளவே.

பொருள்வசதி குறைந்தோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு மாற்று வழி உண்டு. ஆர்.ஐ.ஏ.ஏ. என்பது அளவறிந்த கணிதத் திருத்தம். ஆகவே உள்ளடங்கிய முன்பெருக்கி வழியாகப் பதிந்த ஒலியிலிருந்து அத்திருத்தத்தைக் கணினியில் நீக்கி, உரிய வரையைப் பின்னர் இடலாம். இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: எந்த வரை, எந்த ஊசி, எந்தச் சுழற்சி என்பது பதிவுடன் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ.வின் நெறிமுறைகளும் இவ்வாவணப்படுத்தலை வலியுறுத்துகின்றன. குறிப்பில்லாத பதிவில் திரிபு எது, குரல் எது என்று பிரிப்பதற்கு வழியில்லை. தனி முன்பெருக்கி வாங்கியவர் குறிப்பு எழுதாவிட்டால், வாங்காமல் குறிப்பு எழுதியவரின் பதிவே ஆய்வுக்கு மேலானது.

சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு இசைத்தட்டுகளையும் காத்துவருகிறது. மும்பையில் 1990இல் தொடங்கப்பட்ட இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தனிமனித ஆர்வத்தைக் கூட்டு முயற்சியாக்கியது. இத்தகைய அமைப்புகளின் அறிவு, மறுகட்டுமானத்தின் விளிம்பில் நிற்கும் வீடுகளின் பரண்களையும், ரேடியோ செட் வைத்திருந்த குடும்பங்களின் மூலைகளையும் சென்றடைய வேண்டிய காலம் இது. தாராவியும் மறுகட்டுமானத்தை எதிர்நோக்கி நிற்கிறது. அங்கே எஞ்சியிருக்கக்கூடிய தட்டுகள் கீறலும் விரிசலுமாகத்தான் இருக்கும். பலராலும் கேட்கப்பட்டதன் தழும்புகள் அவை. அவற்றை மதிப்பற்றவை எனத் தள்ளிவிட்டு, கீறலற்ற தட்டுகளுக்கு மட்டும் புதிய முன்பெருக்கி வாங்குவோமாயின், அலமாரி வைத்திருந்தோரின் கேட்பையே தமிழரின் கேட்பு என்று அடுத்த தலைமுறைக்கு எழுதிக் கொடுத்தவர்களாவோம்.